மூன்றாவது பல்

மொக்கம்மாளின் சூலகத்திலிருந்து எடுத்த கட்டியைத் தேனி ஆஸ்பத்திரி ஒன்றின் லேபில் டாக்டர் சுபாஸ்ரீ அறுத்துப் பார்த்தார். உள்ளே முடியும் மூன்று பற்களும் இருந்தன. இந்த வகைக் கட்டியில் சில சமயம் பல் முளைப்பதுண்டு. ஆனால் மூன்றாவது பல்லில் யாரோ சொத்தையைச் சுரண்டி, வெள்ளி வைத்து அடைத்திருந்தார்கள்.

“யாரோட பல்லை உள்ள போட்டே?” என்று டெக்னீஷியன் வினோத்ராஜை முறைத்தார்.

“சீல் வச்ச டப்பாவை நீங்கதான பிரிச்சீக மேடம்? கட்டியையும் நீங்கதான அறுத்தீக.”

சுபாஸ்ரீ ஆபரேஷனுக்கு முன் எடுத்த எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். இடுப்பெலும்புக்கு நடுவே மூன்று பற்கள் மங்கலாகத் தெரிந்தன. ஒன்றில் மட்டும் பளீரென்று வெள்ளைப் பொட்டு.

அப்போதும் நம்பாமல் வார்டுக்குப் போய், மொக்கம்மாளின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். ஒரு பல்லிலும் சொத்தை இல்லை, அடைப்பும் இல்லை.

“பல்லு ஒருநாளும் கூசுனதில்ல மேடம். கம்பத்துல திராட்சைத் தோட்டத்து வேலை. புளிப்புக் காயைத் தின்னா அடிவயிறுதான் கூசும்.”

“இப்பவுமா?”

“இல்ல. போன மாசியில ஒருநா தன்னால நின்னுருச்சு.” தையலுக்குக் கீழே கையை வைத்துக் காட்டினாள். “அன்னிக்குப் பூரா இங்கன மரத்துக் கெடந்துச்சு.”