குளியலறைத் தாழ்ப்பாள்

“சிக்னே, கதவைத் திற! எவ்வளவு நேரம்தான் குளிப்ப?”

அன்னிகா கதவைத் தட்டினாள் என்பதைவிட அடித்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். உள்ளே ஷவர் கொட்டிக்கொண்டிருந்தது.

மேஜையில் மீனும் உருளைக்கிழங்கும் சாப்பிட்ட தட்டுகள் அப்படியே கிடந்தன. அன்னிகாவின் கணவன் தோர்கெல் அவள் பின்னால் நின்றான். ஸ்வீடனின் உமேயோ நகரத்து உறைபனியில் பஸ் ஓட்டுகிறவன் அவன். சொந்த வீட்டில் ஒரு கதவின் முன்னால் நிற்க அவனுக்குப் பயமாக இருந்தது.

இது இன்று நேற்று நடப்பதல்ல. இலையுதிர்காலத்தில் இருந்தே இப்படித்தான். சாயங்காலச் சாப்பாட்டின் கடைசி வாய் தொண்டையில் இறங்குவதற்குள் மகள் எழுந்து ஓடிவிடுவாள். வீட்டில் இருப்பதோ ஒரே ஒரு குளியலறை, கழிவறையும் அதற்குள்தான். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டால் லேசில் வெளியே வரமாட்டாள்.

ஃப்ரீசரில் வைத்த பன்கள் பையோடு காணாமல் போயின. சனிக்கிழமைக்கென்று வாங்கிய மிட்டாய் வியாழக்கிழமையே தீர்ந்துபோனது. “யாரு தின்னது?” என்று கேட்டால், பதினைந்து வயசுப் பெண் தலையைக் குனிந்துகொண்டு, “நான்தான்” என்பாள். தின்றது எங்கே போகிறதோ, உடம்பில் ஒட்டவே இல்லை.

கூட பஸ் ஓட்டும் பெரித் தன் தங்கை மகளைப் பற்றிச் சொன்னதிலிருந்து அவனுக்குத் தூக்கம் போயிற்று. அந்தப் பெண் அள்ளி அள்ளித் தின்பாளாம், பிறகு யாருக்கும் தெரியாமல் வாந்தி எடுப்பாளாம். பார்க்க நன்றாகத்தான் இருந்தாளாம். ஒருநாள் இதயம் தடுமாறிக் குளியலறையிலேயே சுருண்டு விழுந்துவிட்டாளாம். அந்த வியாதிக்குப் பெயர் புலிமியா என்றாள் பெரித்.

“அன்னிகா, எனக்குப் பயமா இருக்கு. அவ உள்ள போய் வாந்தி எடுக்கறா.”

அன்னிகாவின் முகம் வெளுத்தது. “உளறாத தோர்கெல்! வயசுப் பொண்ணு, கண்ணாடி முன்னாடி நின்னு அழகு பார்க்கறா. அவ்வளவுதான்.”

“நாளைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்.”

“டாக்டரும் வேணாம், ஒண்ணும் வேணாம்!” என்று சீறினாள். “முதல்ல அந்தத் தாழ்ப்பாளைப் பிடுங்கி எறி. இப்பவே! எல்லாம் சரியாயிடும்.”

அவளும் பயத்தில்தான் இப்படிப் பேசுகிறாள் என்று அவனுக்குப் பட்டது. பெற்றவள் அல்லவா? வியர்த்துப்போய், கைகளைப் பிசைந்தபடி கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பல் தகராறில் கன்னம் வேறு சில வாரமாக வீங்கிக்கிடந்தது. பாவம், எத்தனையைத்தான் தாங்குவாள் என்று அவன் மனசு இளகியது.

ஸ்க்ரூடிரைவரை எடுத்துவந்தான்.

“சிக்னே, அப்பா தாழ்ப்பாளைக் கழட்டப் போறேன். துணி போட்டுக்கோ.”

“வேணாம்பா! ப்ளீஸ்! இன்னும் கொஞ்ச நேரம்தான்பா!”

அந்தக் குரலைக் கேட்டதும் அவனுக்கு இருந்த கொஞ்ச நஞ்சத் தைரியமும் போய்விட்டது. பெரித்தின் தங்கை மகள் விழுந்து கிடந்த கோலம் கண்முன்னால் வந்தது. கதவின் வெளிப்பக்கம் இருந்த திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினான். தாழ்ப்பாள் ‘டங்’கென்று விழுந்தது. கதவைத் தள்ளினான்.

ஷவர் வெறும் தரையில் கொட்டிக்கொண்டிருந்தது. சிக்னே சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். போட்ட உடை போட்டபடி, மடியில் கணக்குப் புத்தகம். தலைமுடியில் சொட்டு ஈரமில்லை. வாந்தி எடுத்ததற்கான அறிகுறியே இல்லை.

“இங்க உக்காந்து என்னம்மா பண்ற?”

அவள் வாயைத் திறப்பதற்குள், அன்னிகா அவனை இடித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தாள். மகளைக் கட்டிக்கொள்ளத்தான் ஓடுகிறாள் என்று நினைத்து அவன் ஒதுங்கி வழிவிட்டான்.

சிக்னே துள்ளி எழுந்தாள். இரண்டு கைகளையும் விரித்துத் தாயை மறித்தாள்.

“அப்பா, அம்மாவைப் பிடிச்சுக்கோ!” என்று அழுகையோடு கத்தினாள். “சாப்பிட்டு ஒரு மணி நேரம் உள்ள விடாம பார்த்துக்கிட்டா, வாந்தி எடுக்கற வேகம் அடங்கிடும்னு ஸ்கூல் நர்ஸ் சொன்னாங்க. இன்னும் நேரம் ஆகலப்பா!”