தங்கச்சிக்குக் காட்டிய படம்

“ஸ்கேன் படத்த எனக்குக் காட்டுங்க டொக்டர்.”

எதைக் கேட்டாலும் இதை மட்டும் கேட்கவே கூடாது என்று, கூடப்பிறந்த மூத்தவரான காக்கா கண்டிப்பாய்ச் சொல்லியிருந்தார். அவர் மருந்து வரிசையில் நின்ற நேரம் பார்த்து அவள் உள்ளே வந்து கதவைச் சாத்தியிருந்தாள்.

முகம் மூடிய அவளை டொக்டர் நிமிர்ந்து பார்த்தார். “நீங்க ஆரு?”

“ஸம்றாட தங்கச்சி, ஸுஹைறா.”

“வீட்டாக்களுக்கென்டா காட்டலாம். நோயாளிக்கு மட்டும் மூச்சு விடப்படாதென்டு ஒங்கட காக்கா எனக்கே சட்டம் போட்டிருக்கார்.”

திரையில் கழுத்துப் பக்கம் ஒரு புள்ளி பளிச்சென்று தெரிந்தது.

“முந்தி எடுத்த கிட்னியில இருந்தது கல்லில்ல புள்ள, கென்சர். அது இப்ப தைரொயிட்டுக்குப் போயிருக்கு. வழமையா அங்க போறல்ல. வேற எங்கயும் இல்ல, இப்பவே வெட்டினாத் தப்பலாம்.”

“அப்ப ஏன் வெட்டாம இருக்கீங்க?”

“முதல்ல கலியாணம் முடியட்டுமாம். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா எல்லாம் குழம்பிருமாம். அதுவரைக்கும் சாதாரணக் கட்டியென்டு சொல்லட்டாம்.”

“கழுத்து அவள்ற. அவளுக்கு மட்டும் தெரியப்படாதோ?”

“கத்தாதீங்க புள்ள.”

கதவு தட்டப்பட்டது. “எங்க போயிட்டாய்? வா வெளியில!” காக்காவின் குரல்.

“ஒப்பரேசனுக்கு எழுதுங்க டொக்டர்.”

“எப்படி எழுதுற? ஸம்றா வந்து ஒப்பம் வைக்கணுமே.”

அவள் மேசையிலிருந்த பேனையை எடுத்து, படிவத்தை இழுத்து ஒப்பமிட்டாள். டொக்டர் அதை வாசித்துவிட்டு அவளையே பார்த்தார்.

“எனக்குத் தங்கச்சியே இல்ல டொக்டர்.”

கதவைத் திறந்து, காக்காவைத் தாண்டி, மாப்பிள்ளை வீட்டுக்கு அழைப்பெடுத்தபடியே ஸம்றா நடந்தாள்.