சேராத புலி

மேசைமேல் வெண்கலப் புலி இரண்டு பாதியாகக் கிடக்கிறது. ஒரு பாதி எல்லைக் கோட்டைத் தளபதி வேய் தாங்கிடம் எப்போதும் இருப்பது. மறுபாதி அரசர் கொடுத்தனுப்பியது. இரண்டும் பூட்டி நின்றால்தான் படை கோட்டையை விட்டுக் கிளம்பலாம். நிற்காவிட்டால் கொண்டுவந்தவன் பகைவனின் ஆள். அவன் தலை தப்பாது. சாளரத்து வெயிலில் தூதன் சூ யானின் உதட்டு வெடிப்புகள் தெரிகின்றன. முற்றத்தில் சேணம் பூட்டிய குதிரைகள் கால் மாற்றி நிற்கின்றன. வேய் தாங் பாதிகளைப் பொருத்தி, அரசரின் பாதியைப் பிடித்துத் தூக்குகிறார். அவருடைய பாதி நழுவி மேசையில் விழுகிறது.

“இன்னொரு தரம் பாருங்கய்யா, நல்லா அழுத்தினா நிக்கும்,” என்கிறான் சூ யான். “அங்க எதிரிங்க அரசர் ஊரையே வளைச்சுட்டாங்க. என் பொண்டாட்டி புள்ளைங்க உள்ளதான் இருக்காங்க.”

மறுபடியும் விழுகிறது. எழுத்தர் மூங்கில் பட்டையில் ‘சேரவில்லை’ என்று எழுதுகிறார். காவலர்கள் தூதனின் கைகளைப் பின்னால் கட்டுகிறார்கள்.

“பொய்க்காரன் எவனாச்சும் குதிரை செத்து விழுற வரைக்கும் ஓட்டிட்டு வருவானாய்யா?”

வேய் தாங் தன் பாதியை எடுத்து உட்பக்கம் திருப்புகிறார். பூட்டிப் பிடிக்கவேண்டிய சின்ன முளை மழுங்கி வழவழவென்று இருக்கிறது. சண்டையே வராத பதினோரு வருஷமும் அவர் கையைவிட்டு இறங்காத புலி அது. அரசரின் புலியைக் கெடுத்தவனுக்கும் தலை தப்பாது.

“கொண்டு போங்க,” என்கிறார்.

வெளியே சேணங்களை அவிழ்க்கும் சத்தம் கேட்கிறது. அவருடைய கட்டைவிரல் பழக்கப்படி அந்த முளையைத் தேடிப் போய் மெல்லத் தேய்க்கத் தொடங்குகிறது.