மஞ்சள் ஸ்பானர்

“நீர் ஒயில் மாத்தவே இல்லை. மாத்தினது எண்டு சொல்லி என்னைப் பேய்க்காட்டிப்போட்டீர்!”

ஜேசுரட்ணம் கராஜ் வாசலிலேயே தொடங்கிவிட்டார். ஜெர்மன்காரரின் கராஜ் என்றால் முன்கூட்டியே டெர்மின் என்று நேரம் குறித்து எடுத்து, காத்திருந்து, மெல்லிய குரலில் பேசுகிற மனிதர். இந்தக் கராஜ்காரன் நிஷாந்தன் தமிழ் ஆள். அதனால் டெர்மினும் கிடையாது, மெல்லிய குரலும் கிடையாது.

“ஏன் அண்ணை, என்ன நடந்தது?”

“நத்தார்ப் பண்டிகைக்கு முதல்தானே மாத்தினீர்? கனகாலம் ஓடும் எண்டீர். இப்ப பாரும், டாஷ்போட்டில மஞ்சள் ஸ்பானர் லைற் பத்துது. வாற கிழமை கேவெலார் மாதா கோயில் திருவிழாவுக்குப் போகவேணும். நடுவழியில நிண்டா நீரோ வந்து தள்ளுவீர்?”

கூட வந்த மனைவி கொறற்றியும் விடவில்லை.

“இவர் வேலைக்குத் தொங்கு ரெயினில போறார், தம்பி. கார் வீட்டு வாசல்லதான் நிக்கிறது. கோயிலுக்கு மட்டும்தான் எடுக்கிறம்.”

இந்த இரண்டு பேரும் ஒரே பக்கம் நின்று ஒருவரைத் திட்டுவதை வுப்பர்டால் நகரில் யாரும் பார்த்ததில்லை. நிஷாந்தனுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. கணினியைக் காரோடு இணைத்துப் பார்த்தான்.

“ஒயிலின்ர அளவு சரி அண்ணை. அமுக்கமும் சரி. சிவப்பு லைற் பத்தினால்தான் பயப்பிடவேணும். இந்த ஸ்பானர் வேற கணக்கு.”

“என்ன கணக்கு?”

“ஒயில் பழுதோ எண்டு நக்கிப் பாக்க உள்ளுக்க ஆள் இல்லைத்தானே. எத்தினை தரம் குளிரோட ஸ்ராட் பண்ணினது, சூடேற முதல் எத்தினை தரம் நிப்பாட்டினது எண்டு கார் பாத்துக்கொண்டிருக்கும். தூர ஓட்டமெண்டா ஒயில் கனகாலம் நிக்கும். ரெண்டு தெரு ஓடி ஓடி நிப்பாட்டினா தண்ணியும் பெற்றோலும் ஒயிலுக்க தங்கிடும். அப்ப கார் முந்தியே மாத்தச் சொல்லும்.”

“அதுக்கு?”

“உங்கட காரை ஆரோ ஒவ்வொரு நாளும் கிட்டக் கிட்ட ஓடீனம்.”

ஜேசுரட்ணம் கொறற்றியைப் பார்க்கவில்லை. கொறற்றி ஜேசுரட்ணத்தைப் பார்க்கவில்லை.

“சென்சர் பிழை!” என்றார்கள் இருவரும் ஒரே மூச்சில்.

நிஷாந்தன் வாதாடவில்லை. காரை உயர்த்திப் பழைய ஒயிலை வடியவிட்டான். ஜேசுரட்ணம் கழிப்பறைப் பக்கம் போனதுதான் தாமதம், கொறற்றி ஓடி வந்தாள்.

“தம்பி, சென்சர் பிழை எண்டே சொல்லும். இவற்ற தமையன் கொட்வின் மேட்டுத் தெருவில இடுப்பு ஒப்பரேசன் செய்துபோட்டுத் தனியக் கிடக்கிறார். இவர் வேலைக்குப் போன கையோட நான்தான் கஞ்சி கொண்டுபோறனான். இவருக்குத் தெரிஞ்சா வீடு ரெண்டாப்போகும்.”

அந்தச் சண்டை ஊரறிந்தது. போன வருடம் கேவெலாரில், மாதா சொரூபத்தை முன்பக்கம் பிடித்துத் தூக்குவது யார் என்று அண்ணனும் தம்பியும் இழுபறிப்பட்டார்கள். மாதாவே கொஞ்சம் சரிந்துபோனார். இனி அண்ணன் வீட்டுப் படி மிதிப்பதில்லை என்று ஜேசுரட்ணம் அந்த இடத்திலேயே சத்தியம் செய்துவிட்டார்.

கணவர் திரும்பி வர, கொறற்றி கோப்பி வாங்க எதிர்ப் பேக்கரிக்குப் போனாள். இப்போது ஜேசுரட்ணம் நிஷாந்தனின் காதருகே குனிந்தார்.

“தம்பி, சென்சர் பிழை எண்டே சொல்லும். பின்னேரம் அவ வேலைக்குப் போனாப்பிறகு நான் அண்ணை வீட்டடிக்குப் போறனான். குப்பைத் தொட்டியை வெளியில வைப்பன், வாசல் கூட்டுவன், பனிக்காலத்தில பனியும் வழிச்சனான். ஆனா படி மிதிக்கிறேல்லை, கதைக்கிறேல்லை. சத்தியம் சத்தியம்தான்.”

“அதை அக்காவுக்கு ஏன் ஒளிக்கிறீங்கள்?”

“அந்தாளின்ர பேரே இந்த வீட்டில எடுக்கப்படாது எண்டு அவவுக்குச் சொன்னதே நான்தானே!”

கொறற்றி கோப்பியோடு வந்தாள். நிஷாந்தன் புது ஒயில் விட்டு, ஸ்பானர் லைற்றை அணைத்து, முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டான்.

“சென்சர்தான் பிழை. சரியாக்கிட்டன்.”

“நான் அப்பவே சொன்னனான்!” என்றார் ஜேசுரட்ணம்.

“மாதாவே!” என்று கொறற்றி பெருமூச்சு விட்டாள்.

கார் தெருவைத் திரும்பும்வரை நிஷாந்தன் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றான். பிறகு மனசு கேட்கவில்லை. கொட்வினிடமாவது உண்மையைச் சொல்லி, மூன்று பேரையும் ஒரே காரில் கேவெலாருக்கு ஏற்றிவிடலாம் என்று போனை எடுத்தான்.

போனுக்கு வேலை இருக்கவில்லை. இன்னொரு கார் உள்ளே நுழைந்தது. அதிலிருந்து இளந்தாரி போலத் துள்ளி இறங்கியவர் கொட்வினேதான். கையில் ஊன்றுகோல்கூட இல்லை.

“அவையள் போயிட்டினமோ?”

“ஓம் அண்ணை. ஆனா உங்கட இடுப்பு?”

“அது உயிர்த்த ஞாயிறோட சுகமாப்போச்சு. நீர் என்ர காரைப் பாரும். அவையளின்ர கண்ணில படாமல் பக்கத்துத் தெருவுக்கு மட்டும் ஓடி ஓடி, எனக்கும் மஞ்சள் ஸ்பானர் பத்துது.”

“சுகமெண்டா பிறகேன் அண்ணை படுத்திருக்கிறீங்கள்?”

கொட்வின் குரலைத் தாழ்த்தினார்.

“காலமை அவள் கஞ்சி கொண்டு வாறாள், அவனுக்குத் தெரியாமல். பின்னேரம் அவன் வந்து வாசல் கூட்டுறான், அவளுக்குத் தெரியாமல். நான் ஜன்னல் சீலைக்குப் பின்னால நிண்டு அவனைப் பாத்துக்கொண்டிருப்பன். நான் எழும்பி நடந்தா, தம்பி, பிறகு என்னட்டை ஆர் வருவினம்?”