சொல்லிக்கொள்ளாமல்

மறுபடியும் வாசலைத் திரும்பிப் பார்த்தார். செருப்பு அங்கேதான் கிடந்தது. எங்கே போய்விடும்?

உட்கார முடியவில்லை.

எதிரே ஓர் அம்மாள், செத்துப்போன கணவருக்குப் பிடித்த ரசத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தாள். ரசமாம்! இதைக் கேட்கவா இந்தத் திருச்சி வெயிலில் டவுன் பஸ்ஸில் நசுங்கி வந்தார்?

எல்லாம் மனைவி கோமளாவின் வேலை. பறிகொடுத்தவர்கள் கூடிப் பேச இடம் ஏதாவது உண்டா என்று அரசு உதவி எண்ணை நச்சரித்து, நூலக மாடி, ஞாயிறுதோறும் என்று விலாசம் வாங்கிவிட்டாள்.

"முதல்ல நீங்க போங்க. வீட்டுக்குள்ள இப்படி நடந்துக்கிட்டே இருந்தா எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும்."

நடக்காமல் என்ன செய்வது?

மகள் தாரிணி விபத்தில் போனதும் ஊரே திரண்டு வந்தது. துக்கம் கேட்டது. பிறகு ஒவ்வொருவராக எழுந்து, சொல்லிக்கொள்ளாமல் போனார்கள். சாவு வீட்டில் 'போயிட்டு வரேன்' என்று சொல்லக் கூடாது. முறைதான். அவரும் எத்தனையோ வீடுகளிலிருந்து அப்படி எழுந்து வந்தவர்தான்.

ஆனால் போனவர்கள் போனவர்கள்தான். அப்புறம் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை.

அவர் வீட்டில் கடைசியாக அந்த வார்த்தையைச் சொன்னவள் தாரிணி. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே, 'போயிட்டு வரேன்ப்பா' என்றாள்.

போதும்.

எழுந்தார். இங்கே எல்லார் வீடும் சாவு வீடு. யாரிடம் சொல்ல? தலையைக் குனிந்தபடி வாசலுக்கு வந்து, ஒரு காலைச் செருப்பில் நுழைத்தார்.

"அண்ணே."

கூட்டத்தை நடத்தும் எஸ்தர். மகனைப் பறிகொடுத்தவள்.

"இங்க சொல்லிட்டுத்தான் போகணும். அடுத்த வாரம் வருவீங்களா மாட்டீங்களான்னு எங்களுக்குத் தெரிய வேண்டாமா?"

ரசத்து அம்மாள் பேச்சை நிறுத்தியிருந்தாள். எல்லாரும் அவரையே பார்த்துக் காத்திருந்தார்கள்.

அட, என்ன பெரிய வார்த்தை! சொல்லித் தொலைத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதானே.

"போயிட்டு..."

சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"...வரேன்."

"வாங்க" என்றார்கள் அத்தனை பேரும்.

அவர் போகவில்லை. ஒற்றைச் செருப்பைக் கழற்றிவிட்டு, அழுதுகொண்டே உள்ளே வந்தார்.

ரசத்து அம்மாள் நகர்ந்து இடம் கொடுத்தாள்.