குறட்டைக் கேள்வி

"விண்வெளி உடைக்குள்ள இருக்கும்போது மூக்கு அரிச்சா என்ன மேடம் பண்ணுவாங்க?"

கேட்டது மூன்றாம் வகுப்புப் பிள்ளை இல்லை. அறிவியல் டீச்சர். பதினெட்டு வருட சர்வீஸ்.

மேடையில் இருந்த தலைமையாசிரியருக்கு முகம் சிவந்தது.

பிள்ளைகளுக்கு விண்வெளி ஆசையை மூட்ட, ஆய்வு மையத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி சின்ன ராக்கெட் பொம்மையோடு வந்திருந்தார். ஒரு மணி நேரம் பேசிவிட்டு, "கேள்வி கேளுங்க" என்றார். முந்நூறு பிள்ளைகளும் தரையைப் பார்த்தார்கள். அப்போதுதான் முன்வரிசையிலிருந்து டீச்சர் எழுந்தார்.

அதிகாரி சிரித்தார். "ஹெல்மெட்டுக்குள்ள சின்னதா ஒரு ஸ்பாஞ்சுத் துண்டு ஒட்டியிருக்கும். அதுல மூக்கைக் கொண்டுபோய்த் தேய்ச்சுக்கணும்!"

ஹாலில் ஒரு சிரிப்பலை. டீச்சர் கைப்பைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"அங்க தும்மினா பின்னாடி பறந்துடுவோமா?"

"லேசாத் தள்ளும். எதையாவது பிடிச்சுக்கிட்டுத் தும்மறது உத்தமம்."

"கூடவே ஒரு எறும்பு வந்துட்டா, எந்தப் பக்கம் தரைனு அது நினைக்கும்?"

"அதை எறும்பைத்தான் கேக்கணும்!"

ஒவ்வொரு கேள்விக்கும் எங்கோ ஒரு பிள்ளை மட்டும் விறைத்து உட்கார்ந்தது.

"அங்க குறட்டை விட்டா அடுத்தவங்க தூக்கம் கெடுமா?"

ஹால் வெடித்தது. தலைமையாசிரியர் துள்ளி எழுந்து, "உஷ்! உஷ்!" என்று மேசையைப் படபடவென்று அறைந்தார். அந்தச் சத்தத்தில் அதிகாரி சொன்ன பதில் முன்வரிசையோடு நின்றுபோனது.

அதன்பிறகு பிள்ளைகளின் கைகள் உயர்ந்தன. ஒன்று, பத்து, நூறு. மணி அடித்தும் அதிகாரியை விடவில்லை.

அவரை வழியனுப்பிய கையோடு, தலைமையாசிரியர் அறையிலிருந்து டீச்சருக்கு அழைப்பு வந்தது.

"பள்ளிக்கூடத்து மானம் கப்பல் ஏறலை டீச்சர், ராக்கெட் ஏறிடுச்சு! 'விண்வெளி ஆராய்ச்சியால் மனித குலம் அடையும் நன்மைகள் யாவை'னு நானே ஒரு கேள்வி எழுதிக் கொடுத்தேனே?"

"அதைக் கேட்டிருந்தா ராக்கெட்டே தூங்கியிருக்கும் சார்."

"வாயைப் பாரு! நாளையிலிருந்து சயன்ஸ் க்ளப்பைக் கணக்கு சார் பார்த்துப்பார்."

டீச்சரின் முகம் வாடிவிட்டது. எட்டு வருடம் வளர்த்த க்ளப்.

"அது எதுவும் என் கேள்வி இல்லை சார். போன வருஷம் ஒரு பொண்ணு, நிலாவுக்கு வாசனை உண்டானு கேட்டா. 'போய் மோந்து பாரு'ன்னீங்க. பள்ளிக்கூடமே சிரிச்சுது. அன்னையிலிருந்து ஒரு பிள்ளையும் வாயைத் திறக்கறதில்லை."

"அதுக்கு?"

"அதான் படிக்கட்டுக்குக் கீழே பெட்டி வெச்சேன். பேர் எழுதாம கேள்வியைப் போடுங்க, என் கேள்வியா நானே கேக்கறேன், சிரிக்கறவங்க என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும்னு சொன்னேன்."

தலைமையாசிரியர் கையை நீட்டினார்.

"எங்கே அந்தச் சீட்டெல்லாம்? எடுங்க."

டீச்சர் மூன்று சீட்டுகளை மேசையில் வைத்தார். மூக்கு, தும்மல், எறும்பு. தலைமையாசிரியர் ஒவ்வொன்றாகப் பிரித்தார். திருப்பிப் பார்த்தார். அவற்றுக்குக் கீழேயும் தேடினார்.

"இன்னொண்ணு?"

"அதை யார்கிட்டயும் காட்டலை சார். காட்டவும் மாட்டேன்." கைப்பையின் உள்ஜிப்பைத் திறந்து, எட்டாக மடித்த சீட்டை எடுத்து நீட்டினார். "நீங்களே வெச்சுக்குங்க."

பச்சை மை. அந்தப் பள்ளியில் பச்சை மையில் எழுதுகிறவர் ஒருவர்தான். பேனா அவர் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

தலைமையாசிரியர் சீட்டை மறுபடி எட்டாக மடித்து, அந்தப் பேனாவுக்குப் பின்னால் செருகினார்.

"க்ளப்... உங்ககிட்டயே இருக்கட்டும்."

"நன்றி சார்." டீச்சர் வாசல்வரை போய்விட்டார்.

"டீச்சர், ஒரு நிமிஷம். கதவைச் சாத்திட்டு வந்து உட்காருங்க." குரல் இறங்கிவிட்டது. "வீட்டுல இதனால தினம் சண்டை. அதுக்கு மேடம் என்னதான் பதில் சொன்னாங்க? யாரோ மேசையைத் தட்டினதுல எனக்குச் சரியாக் கேக்கலை."