ஓடாத நெற்வேர்க்

“கொழும்பில போய்ப் படிச்சனான் எண்டு சொன்னாய். ஒரு வயர் மாத்தத் தெரியேல்லையே?”

கடையில் நின்ற சனத்துக்கு முன்னாலேயே மீராசாகிபு ஏசினார். சியாமுக்குக் காது சுட்டது.

வவுனியா பஸ் நிலையத்துக்குக் கிட்ட மீராசாகிபுவின் அச்சுக்கடை. வேலையாட்கள் அவரை அண்ணன் முறை வைத்து ‘நானா’ என்றே கூப்பிடுவார்கள். முன்னறைக் கொம்பியூட்டரில் ரைப் அடிப்பார்கள். பின்னறையில் இன்னொரு கொம்பியூட்டரும் பிரிண்டரும். இரண்டு அறையையும் இணைத்த தடித்த வயரை எலி கடித்த பிறகு, எல்லாவற்றையும் பிளொப்பித் தட்டில் போட்டுப் பின்னுக்குக் கொண்டோடுவது பத்மாசனி அக்காவின் வேலை.

இப்போது, புதிதாக வேலைக்குச் சேர்ந்த சியாம் புது வயர் இழுத்திருந்தான்.

முன்னறை நெற்வேர்க் கார்ட் பழையது. அதற்கு இரண்டு வாய்; ஒன்று பழைய வயருக்கு, மற்றது புதுசுக்கு. எந்த வாயைப் பாவிப்பது என்று கொம்பியூட்டரில் சொல்லிவிட வேண்டும். சியாம் சொல்லிவிட்டான். ஓடியது.

அடுத்த நாள் வந்து பார்த்தால், கார்ட் பழைய வாய்க்கே மாறியிருந்தது. திருப்பிச் சரிசெய்தான். மறுநாளும் அதே கதை.

“விடுங்கோ தம்பி, நான் கொண்டுபோறன்.” பத்மாசனி அக்கா பிளொப்பியோடு எழும்பினார். முகத்தில் நல்ல சந்தோசம்.

இவாவின்ர வேலைதான், என்று நினைத்துக்கொண்டான் சியாம்.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனதும் பின்கதவால் மெல்ல உள்ளே வந்தான். கையும் களவுமாகப் பிடித்தும் விட்டான்.

கொம்பியூட்டருக்கு முன்னால் மூக்குக்கண்ணாடியோடு இருந்தவர் மீராசாகிபு.

“நானா, நீங்களோ?”

“உன்ர தோளுக்கு மேலால எட்டிப் பாத்துப் பழகினனான்.”

“ஏன் நானா?”

“வயர் இழுக்கச் சொல்லேக்க நான் யோசிக்கேல்லை. ஓடின அண்டைக்கே அவா வந்து, ‘இனி எனக்கு இஞ்ச வேலையில்லை, நாளைக்கு வரமாட்டன்’ எண்டவா. சும்மா இருத்திச் சம்பளம் குடுத்தா வாங்கிற மனிசி இல்லை. புருசனும் இல்லை, நெளுக்குளத்தில மூண்டு பிள்ளையள். நான் என்ன செய்ய?”

“அதுக்கு என்னைப் போட்டு ஏசினது?”

“ஏசாட்டி அவா நம்பமாட்டா.”

சியாம் கதிரையைப் பிடித்தான்.

“எழும்புங்கோ நானா. உப்பிடிச் செய்தா வேற ஆரும் வந்து சரியாக்கிப் போடுவினம். பழுதாக்கிறதெண்டா வடிவாப் பழுதாக்கோணும்.”